இருட்டண்ணனும் வெள்ளைத் துண்டும்

கொல்லிமலையில் வெயிலைக் கண்டு பயந்த ஒரே மனிதர் இருட்டண்ணன்தான். கரடிக்குப் பயந்தவர்கள் உண்டு, அட்டைக்குப் பயந்தவர்கள் உண்டு, பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்பவர்கள் நிறைய உண்டு. இவர் பயந்ததெல்லாம் வெயிலுக்கும் சலவை வேட்டிக்கும். தொழிலோ கல்யாணப் போட்டோ எடுப்பது. சலவை வேட்டி இல்லாத கல்யாணத்துக்கு அவர் எங்கே போவார், பாவம்.

மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். இருட்டண்ணன் என்ற பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய கேமராவின் பின்பக்கத் திரை. எடுத்த படத்தை அங்கேயே பார்த்தால், கரண்ட் போன மண்டபத்தில் கல்யாணம் நடந்த மாதிரி இருக்கும். மாப்பிள்ளையின் பல்லும் பெண்ணின் மூக்குத்தியும் மட்டும் தெரியும். “ஏனுங்க, இப்படி இருட்டா இருக்குது?” என்று கேட்காத சம்பந்தி கிடையாது. எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

“இருட்டுக்குள்ள இருக்கறதக் கம்ப்யூட்டர்ல வெளிய கொண்டாந்தரலாமுங்க. வெளுத்துப் போச்சுன்னா அங்க ஒண்ணுமே இல்லீங்க. சாமியே வந்தாலும் எடுக்க முடியாதுங்க.”

அவர் சொன்னது நிஜம். ஒரு மாதம் கழித்து ஆல்பம் வரும்போது பட்டுச் சரிகையை இழை இழையாக எண்ணலாம். ஆனால் கல்யாண வீட்டில் ஒரு மாதம் பொறுக்க யாருக்கு மனசு வரும்? சேந்தமங்கலத்தில் ஒரு பெண் வீட்டார் திரையைப் பார்த்துப் பதறி, தாலி கட்டும் முன்பே போன் போட்டு வேறு ஆளை வரவழைத்துவிட்டார்கள். இருட்டண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. வந்த பையனைத் தனியே கூப்பிட்டு, “அந்தத் தாய்மாமன் சட்டைய மட்டும் பாத்துக்க தம்பி, ரொம்ப மோசம்” என்று எச்சரித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள், முகூர்த்தம் எந்த நேரமோ அதே நேரத்துக்கு வந்துவிடுவார். பையிலிருந்து ஒரு புது வெள்ளைத் துண்டை எடுத்துத் தூணில் கட்டிப் படம் எடுப்பார். வெளிச்சம் கூடிப் போய் வெளுத்த இடமெல்லாம் திரையில் கறுப்பாக விட்டு விட்டு மின்னும். மின்னுவது நிற்கும் வரைக்கும் கேமராவின் சக்கரத்தைத் திருகித் திருகி வெளிச்சத்தைக் குறைப்பார். விஷயம் தெரியாதவர்கள், குளித்த துண்டைக் காயப்போட வந்திருக்கிறார் என்று நினைத்து ஒரு கொடிக்கயிறே கட்டிக் கொடுத்தார்கள். அதற்கும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

பளபளவென்று கஞ்சி போட்ட சட்டையில் யாராவது பெரிய மனிதர் மேடைக்கு வந்தால் இவருக்கு வியர்த்துவிடும். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; திருப்புலி நாட்டில் அப்படி வந்த ஒருவரை, “அண்ணா, இப்படி ஓரமா, இன்னுங்கொஞ்சம், இன்னுங்கொஞ்சம்” என்று நகர்த்தி நகர்த்திப் பலா மர நிழலுக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பெரிய மனிதருக்கு அப்படி ஒரு நல்ல படம் அதற்குப் பிறகு அமையவில்லை. அவர் இருட்டண்ணனை மன்னிக்கவும் இல்லை.

எனக்குப் பெண் அமைந்தது வளப்பூர் நாட்டில். பெயர் பூங்கொடி. சத்தியமாகச் சொல்கிறேன், போட்டோவுக்கு இருட்டண்ணனைக் கூப்பிடும் யோசனை என்னுடையது இல்லை. பூங்கொடிதான் போனில் ஒற்றைக் காலில் நின்றாள்.

“அவருதான் எடுக்கோணும்.”

“ஏன், வேற ஆளே இல்லையா?”

“எங்கப்பா சிரிச்ச மாதிரி ஒரே ஒரு படந்தானுங்க இருந்துச்சு. அக்கா கல்யாணத்துல எடுத்தது. நடு வெயில்ல நின்னாரு, மூஞ்சியே வெள்ளையா வெளுத்துப் போச்சு. அடுத்த வருசமே அப்பா போயிட்டாரு. ஊட்டுல மாட்டறதுக்கு ஆதார் கார்டுப் படத்தத்தான் பெருசு பண்ணுனோம்.”

“அதுக்கும் இவருக்கும் என்ன?”

“அந்த வெளுத்த படத்த எடுத்ததே இவருதானுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அப்புறமும் இவரையா?”

“அதனாலதானுங்க. அம்மா, அப்பாவோட வெள்ளைத் துண்டத் தோள்ல போட்டுட்டு நிக்கும். அந்தப் படம் கெட்டுப் போகக் கூடாது.”

கல்யாணம் அவர்கள் ஊர்க் கோயிலில். காலையில் நல்ல மூடுபனி. இருட்டண்ணன் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டு, பனியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆனால் சரியாக முகூர்த்த நேரத்துக்குப் பனி விலகி, வெயில் சுண்ணாம்புச் சுவரில் பட்டு நேராக மாமியாரின் தோளில் விழுந்தது. துண்டு பளீரென்றது. இருட்டண்ணன் முகம் செத்துப் போய்ச் சக்கரத்தைத் திருகினார்.

அந்த நேரம் பார்த்து என் தாய்மாமா திரையை எட்டிப் பார்த்தார். அவர் லாரி ஓட்டுபவர், பொறுமைக்கும் அவருக்கும் ரொம்ப தூரம்.

“ஏப்பா, இதுல எம் மாப்ள எது, தூணு எது?” என்றவர், வீடியோக்காரரிடம், “நீ அந்தப் பெரிய லைட்டப் போடுப்பா” என்றார்.

லைட் எரிந்தது. இருட்டண்ணன் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

“வேண்டாமுங்க. அம்மா துண்டு வெளுக்குதுங்க.”

“துண்டப் படம் எடுக்கவா உன்னயக் கூப்புட்டோம்? நீ பொட்டியக் கட்டு. நாங்க போன்ல எடுத்துக்கறோம்.”

மேளம் நின்றுபோனது. நான் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். பூங்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. இருட்டண்ணன் லைட்டை விட்டு நகரவில்லை. அப்போதுதான் என் மாமியார் பேசினார். அதிர்ந்து பேசாத மனுஷி.

“ஏனுங்க, அவரே எடுக்கட்டுமுங்க. எங்கூட்டுக்காரரு போன பொறவு இந்தத் தம்பி நாலு தடவ பஸ் ஏறி எங்கூட்டுக்கு வந்துச்சு. கம்ப்யூட்டரத் தூக்கிட்டு வந்து, இன்னொருக்காப் பாக்கறேனுங்கம்மான்னு நாளெல்லாம் உக்காந்துக்கும். மூஞ்சி வரவே இல்ல. அழுவாத சாமின்னு நாங்கதான் சோறு போட்டு அனுப்பி வெச்சோம்.”

மாமாவே போய் லைட்டை அணைத்தார்.

தாலி கட்டினேன். இருட்டண்ணன் எங்களை எத்தனை படம் எடுத்தாரோ தெரியாது, மாமியாரை எடுக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எடுத்து முடித்ததும் கேமராவைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினார்.

“ஒண்ணுந் தெரியலையே, சாமி.”

“தெரியுமுங்கம்மா” என்றார். வழக்கமான பிரசங்கம் எதுவும் அன்று வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, அவரே மலையேறிக் கொண்டுவந்தார். மாமியார் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் இருந்தது. தோளில் துண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது, அதற்குள் நூல் நூலாக நெசவும் இருந்தது. ஓர் ஓரத்தில் வெள்ளை நூலில் ஒரு சின்னத் தையல். கல்யாணத்தன்று பக்கத்தில் நின்ற என் கண்ணில் அது படவே இல்லை.

மாமியார் விரலால் அந்த இடத்தைத் தடவினார். “மொளகு பறிக்கறப்ப ஏணியில மாட்டிக் கிழிஞ்சது. நாந்தான் தச்சுக் குடுத்தேன். அதுகூட வந்திருக்குது பாரு, சாமி.”

இருட்டண்ணன் சுவரில் இருந்த ஆதார் கார்டுப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். புதுப் படத்தை அதற்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டியவரும் அவர்தான்.

அவருடைய படம் என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அன்றைக்கு வாசலில் நின்று விடைபெறும்போது என் போனில் எடுத்தேன். நல்ல வெயில். முகம் முழுக்க வெளுத்துப் போய்விட்டது. இதுவரைக்கும் அவரிடம் காட்டவில்லை, காட்டினால் உட்கார்ந்து அழுதுவிடுவார். அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்வார். எனக்கு அந்த வெள்ளைக்குள் அவர் சிரிப்பது நன்றாகத் தெரிகிறது.