எட்டாவது வீடு

அன்று காலை ஹாலில் இருந்தவர்கள்: கணக்கு டீச்சர் சுடர்விழி, இரண்டு பெட்டிகளோடு அவள் கணவன் ஜெரால்டு, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு இருளாயி, நோட்டும் பேனாவுமாக வனத்துறை வாட்சர் ரத்தினவேல், டி.வி.யை மறைத்தபடி ஒரு யானை.

குளத்தூர்ப் பக்கத்து யானைகளுக்கு உடம்பைச் சுருக்கத் தெரியும். ஆட்டுக்குட்டி அளவில் வாசலைத் தாண்டும். உள்ளே உட்கார்ந்ததும் முழு அளவுக்கு விரியும். மாசி பிறந்தால் ஏதாவது ஒரு வீட்டுக்கு வந்துவிடும். வந்தால் வீட்டுக்காரர்கள் கிளம்பிவிட வேண்டும். மழைக்காலம் வரை வீடு யானைக்கு. மூன்று தலைமுறையாக இதுதான் வழக்கம். எதிர்த்து மனு கொடுத்தால், பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வரும். அதற்குள் மழையும் வந்துவிடும்.

"சுடரு, கெளம்பு. கட்டுமாவடில அக்கா வீடு இருக்கு," என்றான் ஜெரால்டு.

சுடர்விழி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து யானைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"கல்யாணமாகி ஏழு வாடகை வீடு மாறியாச்சு. இது நான் நின்னு கட்டுன வீடு. குடி வந்து பதினோரு நாள்தான் ஆகுது. நீங்க வேணா போங்க. நான் நகர மாட்டேன்."

"யானைகிட்ட வீம்பு பண்ணி யாரு ஜெயிச்சிருக்கா?"

"யாராவது பண்ணிப் பாத்திருக்காங்களா?"

ரத்தினவேல் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"ஏத்தா டீச்சரு, வயிறு நெறஞ்சா அதுவா எந்திரிச்சுப் போயிரும்," என்றாள் இருளாயி. சொன்னதோடு நிற்காமல் தன் வீட்டிலிருந்து ஒரு வாழைத்தாரையும் தூக்கி வந்தாள்.

யானை தாரை முடித்தது, தண்டையும் முடித்தது. பிறகு ஜன்னல் கண்ணாடி அதிரப் பிளிறியது. ஐந்து நிமிடத்தில் இன்னும் இரண்டு யானைகள் வந்து கார் ஷெட்டில் நின்றன.

"சொந்தக்காரவுகளக் கூப்புட்டுருச்சு," என்றாள் இருளாயி, குற்றமே செய்யாதவள் மாதிரி.

அடுத்த யோசனை ஜெரால்டுடையது. அடுப்பை ஹாலுக்கே தூக்கி வந்து, காய்ந்த மிளகாயை வாணலியில் போட்டுப் புகை கிளப்பினான். இருளாயி இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினாள். ரத்தினவேல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல்படிக்கு நகர்ந்தார். சுடர்விழியின் கண்ணில் நீர் கொட்டியது. நாற்காலியை விட்டு எழவில்லை.

யானை தும்பிக்கையை ஜன்னல் வழியாக வெளியே நீட்டி, தொட்டித் தண்ணீரை உறிஞ்சி வந்து அடுப்பை அணைத்தது. மிச்சத்தை ஜெரால்டின் தலையில் ஊற்றியது. தெருவில் இப்போது பதினொரு யானைகள். பால் வண்டி திரும்பிப் போனது.

"போதும் சுடரு! வீடா உசுரா?"

"வீடு."

"நான் என் உசுரச் சொன்னேன்."

"அப்ப அடுப்படில போய் ஒக்காருங்க."

ஜெரால்டு சொட்டச் சொட்டப் போனான்.

யானை தும்பிக்கையால் அவள் நாற்காலியை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளியது. அவள் எழாமலே காலை ஊன்றி இரண்டு முழம் முன்னுக்கு வந்தாள். மறுபடி தள்ளியது. மறுபடி வந்தாள். மூன்றாவது முறை அவள் முழங்கால் யானையின் முன்னங்காலில் இடித்தது. யானை காதுகளை விரித்து, அவள் முகத்துக்கு நேராகப் பிளிறியது. கூந்தல் அவிழ்ந்தது. மூக்குக்கண்ணாடி பறந்தது.

சுடர்விழி தும்பிக்கையில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"கத்துனாப் பயந்துருவேனா? பத்தாம் வகுப்பு பி பிரிவப் பாத்துட்டு வந்தவ நான். இது என் வீடு. எந்திரி!"

தெருவில் பதினொரு யானைகளும் ஒரே நேரத்தில் அடங்கின. ஹாலில் இருந்தது அவளை நீண்ட நேரம் பார்த்தது. பிறகு எழுந்தது. சுருங்கியது. முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே அடி வைத்து வெளியேறியது.

"போயிருச்சா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"போகாம?"

மூன்று தலைமுறையில் யாரும் செய்யாததைச் செய்துவிட்ட நிமிர்வோடு சுடர்விழி வாசலுக்கு வந்தாள். படியில் ரத்தினவேல் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்றிருந்தார். தெருவில் யானைகள் இரண்டு வரிசையாகப் பிரிந்து நடுவில் வழி விட்டிருந்தன. ஒவ்வொன்றும் முன்னங்காலை மடக்கியிருந்தது.

"பாத்தீங்களா வாட்சரே? வீட்ட விட்டுக் குடுத்துட்டு ஓடுனவங்கள எல்லாம் வந்து பாக்கச் சொல்லுங்க!"

பதிலுக்கு அவள் முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. கார் ஷெட்டில் நின்ற யானைகளில் ஒன்று கதவை இழுத்துச் சாத்தியது. இன்னொன்று கொண்டியை மாட்டிப் பூட்டியது. சாவியை வாயில் போட்டு விழுங்கியது.

"ஏய்! நான் உள்ள இருக்கேன்!" என்று ஜெரால்டு கதவைத் தட்டினான்.

"என்னங்க வாட்சரே இது? நான்தான ஜெயிச்சேன்?"

ரத்தினவேல் தலை நிமிரவில்லை.

"ஆமாங்க டீச்சரம்மா. அதுங்க வீடு கேட்டு வரலீங்க. அதுங்க கூட்டத்துத் தலைவி செத்து மூணு தலைமுறையா, அந்த எடத்துக்கு நகராத ஒரு பொம்பளையத்தான் வீடு வீடாத் தேடுதுங்க."