துரை பங்களாவைக் காலி பண்ணிய நாள்

"மேப்புல உன் வீட்டக் காட்டு புள்ள, பார்ப்போம்" என்றார் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா.

கண்டியில் ஓர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்ததற்கு அம்மா லட்டு கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் சொன்ன வாழ்த்து அது. லட்டை வாயில் போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "கொழுந்து எடுக்கிற வீட்டுப் புள்ளைக்கு மலைக்குள்ள வழி தெரியும். கம்ப்யூட்டருக்குள்ள தெரியுமா?"

தெரியாது என்பதை எட்டு மாதம் கழித்து, அவர் கண்ணெதிரே, ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் நானே நிரூபித்தேன்.

அப்போது எனக்கு இருந்த பெருமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவேன். வீட்டுக்குள் நுழைந்த பிறகும் கழற்ற மாட்டேன். (சோறு சாப்பிடும்போது அது ரசத்துக்குள் விழும். துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவேன்.)

வேலை இதுதான். மலைநாட்டில் எங்கெங்கே மண் சரியும் என்று காட்டும் அபாயப் படம் கொழும்பில் ஒரு கணினியில் இருந்தது. எங்கள் வரைபட மென்பொருளில் அதன் முகவரியைக் கொடுத்தால், இணையம் வழியாக அந்தப் படம் வந்து நம் படத்துக்கு அடியில் விரியும். சிவப்பு என்றால் அங்கே ஆள் இருக்கக்கூடாது. மஞ்சள் என்றால் கவனம். பச்சை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஹந்தானை மலையில் இருக்கும் எங்கள் தோட்டத்திலேயே அதைச் செய்துகாட்டும் வாய்ப்பு வந்தது. அந்த வருட மழையில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்தது. எங்கள் அடுப்படிச் சுவரில் அம்மாவின் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கீறல். சிவப்புக்குள் வரும் வீடுகளுக்கு வேறு இடத்தில் காணி தருவதாகப் பேச்சு. எந்தெந்த வீடு என்று கூட்டத்தில் படத்தைப் பார்த்து எழுதி, அன்றைக்கே கண்டிக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்கச் செயலகத்துக்கு, அனுப்ப வேண்டும். பட்டியலில் விட்டுப்போனால் அடுத்த மழைக்கும் அந்தச் சுவர்தான்.

தோட்டத்தின் லயங்கள், கோயில், ஓடை ஓரத்துப் புள்ளக்காம்பரா, தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா எல்லாவற்றையும் பழைய நில அளவைப் படத்தைப் பார்த்து நானே வரைந்திருந்தேன். அலுவலகத்தில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. மடிக்கணினியை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பொருத்தியதைச் சேமித்தேனா? இல்லை. (அறிவாளிகள் சேமிப்பதில்லை.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மலைக்கு ஏறும் வழியில் சோதனைச் சாவடி. கூட வந்த என் மேலதிகாரி, எங்கள் சேர், யாழ்ப்பாணத்துக்காரர். அவரை ஒரு பக்கம் நிறுத்தி விசாரித்தார்கள், என்னை இன்னொரு பக்கம். இனக் கலவரத்தில் இரண்டு நாள் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தவர் என் அம்மா. அடையாள அட்டையைத் தவிர வேறு காகிதம் பையில் இருக்கக்கூடாது என்பது அவர் சட்டம். என் பையிலோ கண்டி மலைகளின் படம், அதில் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள். ஒரு தமிழ்ப் பெண் அந்த நாட்களில் கொண்டுபோவதற்கு இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது.

"மேக்க மொகத்த நங்கி?" என்றார் சிப்பாய். இது என்ன தங்கச்சி என்று கேட்கிறார். மண்சரிவுப் படம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதில் ஒட்டியிருந்த ரசக் கறையைத்தான் பார்த்தார். அச்சுப் படத்தைத் தானே வைத்துக்கொண்டு, கணினியின் பற்றரியைக் கழற்றிக் காட்டச் சொன்னார். கழற்றினேன். அதோடு சேமிக்காமல் விட்ட என் கச்சிதமும் போயிற்று.

புள்ளக்காம்பரா என்பது தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அன்று அங்கேதான் கூட்டம். தொட்டில்களை ஓரமாகத் தள்ளி, சுவரில் வெள்ளைச் சீலை கட்டியிருந்தார்கள். முன்வரிசைக் கதிரையில் துரை. பக்கத்தில் பேனாவோடு கிளாக்கர் ஐயா. பின்னால் ஐந்தாம் நம்பர் லயமே திரண்டிருந்தது, அம்மா உட்பட.

எல்லாவற்றையும் முதலிலிருந்து இணைக்க வேண்டும். "பிள்ளை, நேரம் வேணுமெண்டா சொல்லும். நான் கொஞ்சம் கதைச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றார் சேர்.

"ரெண்டு நிமிஷம் போதும் சேர்."

பழைய நில அளவைப் படம், எந்த இடம் எங்கே என்று குறிக்கும் ஒரு கணக்கில் வரைந்தது. இணையத்தில் வருவது வேறொரு கணக்கு. உன் படம் எந்தக் கணக்கு என்று மென்பொருள் மரியாதையாகக் கேட்டது. நீளமான பட்டியல். கிளாக்கர் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். முதலில் இருந்ததைத் தொட்டு 'சரி' என்று அழுத்தினேன்.

படம் விரிந்தது. "ஆ!" என்றது கூட்டம். நான் குச்சியை எடுத்து, ரேடியோ செய்தி வாசிப்பவர் குரலில் ஆரம்பித்தேன். லயங்கள் எல்லாம் பச்சைக்குள் இருந்தன. சிவப்புக்கு நட்டநடுவே துரை பங்களா.

அந்த இடத்திலாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நீதி கிடைத்தது போல ஒரு சிலிர்ப்பு. "பங்களாவில் இருப்பவர்கள் உடனடியாக வெளியேற வேண்டும்" என்றேன். உடனடியாக என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னேன்.

வாசலில் நின்ற பங்களாச் சமையல்காரர் ஒரே ஓட்டமாக மேலே ஓடினார். துரையின் முகம் வெளுத்துப்போயிற்று. கிளாக்கர் ஐயா மட்டும் அமைதியாக எழுதிக்கொண்டே வாசித்தார்: "அஞ்சாம் நம்பர் லயம், ஆபத்து இல்லை."

அப்போதுதான் அம்மாவின் விரல் நுழையும் அந்தக் கீறல் ஞாபகம் வந்தது.

"ஏண்டி, அந்த நீலக் கோடு என்னா?" பின்வரிசையில் அம்மாவின் குரல்.

"ஓடை."

"அதுக்குள்ள ஒரு கட்டம் இருக்கே?"

பார்த்தேன். "புள்ளக்காம்பரா" என்றேன். குரல் செய்தி வாசிப்பவருடையதாக இல்லை.

"அப்ப நாம இப்ப தண்ணிக்குள்ளயா ஒக்காந்திருக்கோம்?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் இருந்த ஒரு குழந்தை விழித்து அழுதது. யாரோ சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கடப்பது போல நடித்தார்கள். "கோயிலப் பாருங்க, ரோட்டுல நிக்குது! சாமி பஸ்ஸுக்குக் காத்திருக்கு!" என்றது இன்னொரு குரல்.

நான் வரைந்ததெல்லாம் ஒரு லய நீளத்துக்கு நகர்ந்துபோயிருந்தது. இணையம் சரியில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கிளாக்கர் ஐயா மை காய ஊதிக்கொண்டிருந்தார்.

"எழுதாதீங்க ஐயா. தப்பு என்னோடது" என்றேன். "கேட்ட கேள்வியை வாசிக்காம அழுத்திட்டேன்."

அந்தப் பட்டியலை மறுபடி திறந்து, இந்த முறை வரி வரியாக வாசித்து, சரியான கணக்கைக் கொடுத்தேன். சீலையில் எல்லாம் மெதுவாக இடம் மாறின. கோயில் ரோட்டைவிட்டு மேட்டில் ஏறியது. பங்களா பச்சைக்குப் போயிற்று. ஐந்தாம் நம்பர் லயம், பன்னிரண்டு காம்பரா வீடும், சிவப்புக்குள் வந்து நின்றது. எட்டாவது காம்பரா எங்களுடையது.

சீலையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏண்டி, முன்ன காட்டினதே நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.

கிளாக்கர் ஐயா எழுதியதை அடித்துவிட்டு, பன்னிரண்டு வீட்டுப் பேரையும் எழுதினார். துரை கையெழுத்துப் போட்டார். சேர் அதை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, வேர்த்து விறுவிறுத்து அப்பா வந்து வாசலில் நின்றார். அவர் பங்களாத் தோட்டக்காரர். நான் வெளியேறச் சொன்னதும் அங்கே துரையம்மா, கலியாணத்துக்கு வந்த பீங்கான்கள் முதற்கொண்டு எல்லாவற்றையும் புல்வெளிக்கு இறக்கச் சொல்லியிருக்கிறார். தேக்கு அலுமாரியை அப்பாவும் சமையல்காரருமாகத் தூக்கியிருக்கிறார்கள்.

"எல்லாம் எறக்கியாச்சு. பங்களா எப்ப சரியுமாம்?"

"சரியாதுப்பா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அலுமாரிய உள்ள வைக்கவா?"

"வைங்கப்பா."

அன்று அப்பாவுக்குப் பிடித்த முதுகு வலிக்கு எங்கள் வீட்டில் பேர் 'மேப்பு'. குளிர் நாளில், "இன்னைக்கு மேப்பு ஜாஸ்தியா இருக்கு, எண்ணெய எடு" என்பார். பன்னிரண்டு குடும்பத்துக்கும் மேல் மலையில் காணி கிடைத்து, வீடு கட்டிக் குடிபோய்விட்டோம். அந்தப் புதுவீட்டிலும் மேப்பு போகவில்லை.

போன மாதம் கிளாக்கர் ஐயா அலுவலகத்துக்கே வந்து, கதிரை நுனியில் உட்கார்ந்தார். அவர் குவாட்டஸுக்குப் பின்னால் நிலம் லேசாக வெடித்திருக்கிறதாம். "மேப்புல என் வீட்டக் காட்டு புள்ள" என்றார். இந்த முறை குரலில் லட்டு இல்லை.

படத்தில் காட்டவில்லை. சனிக்கிழமை நேரில் போய் வீட்டின் நான்கு மூலையையும் டேப் பிடித்து அளந்தேன். வெடிப்பையும் அளந்தேன். இணையப் படத்தோடு பொருத்தி, கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் வாசித்து, மூன்று இடத்தில் சேமித்து, திங்கட்கிழமை கச்சேரிக்கு அனுப்பிவிட்டேன்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அப்பா. குனிந்து எழுந்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அலுமாரி ஒண்ணும் இல்லையே?"