ஒரே ஒரு புரொக்கோலி

சிவசாமி பாத்திக்கு முன்னால் உட்கார்ந்து மொட்டைத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று மாலைவரை அதன் தலையில் ஒரு புரொக்கோலி இருந்தது.

தேயிலைத் தோட்டத்துத் துரைசாணி சீமையிலிருந்து தபாலில் வரவழைத்த விதை. முளைத்தவை பன்னிரண்டு. பனியும் நத்தையும் தின்றது போக மிஞ்சியது ஒன்று. நாளைய விருந்தில் அது மேசைக்கு வராவிட்டால் சிவசாமிக்குப் பங்களாத் தோட்ட வேலை போய்விடும். மழையில் மலையேறித் தேயிலைக்கு இடையில் தண்ணீர் ஓடும் கான் வெட்ட வேண்டியதுதான்.

மத்தியானம் தொழிலாளர் லயத்திலிருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். மனைவி நாகலெட்சுமி கருவாடு போட்டு ஏதோ பிரட்டி வைத்திருந்தாள். மூன்று வாய் தின்ற பிறகுதான் நிறத்தைக் கவனித்தான்.

"என்னாடி இது, பச்சையா?"

"பூக்கோவாங்க. பங்களாப் பக்கம் புல்லறுக்கப் போனேன், கெடச்சிச்சு. முத்திப்போயிப் பச்சை புடிச்சிருக்கு. அதான் கருவாடு போட்டுச் சரிக்கட்டிட்டேன்."

அது காலிஃபிளவர் பூக்கோவா அல்ல, அந்தப் புரொக்கோலி. கையைக்கூடக் கழுவாமல் பங்களாவுக்கு ஓடினான்.

"தொரசாணி! கொரங்கு வந்து பூவைப் புடுங்கிட்டுப் போயிருச்சுங்க!"

அவள் வாயைத் திறப்பதற்குள், வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த துரை எழுந்துவிட்டார். "ஆமா! கொரங்கு! நான் பாத்தது! ரொம்பப் பெரிய கொரங்கு!"

சிவசாமி அவரையே பார்த்தான். தன் பொய்க்கு இவ்வளவு பெரிய சாட்சியா?

துரைசாணி விடவில்லை. "கொரங்கு கொஞ்சம் தின்னும், மிச்சம் போடும். போய்த் தேடு!"

சிவசாமி வட்டகொடை டவுனிலிருந்த பக்கீர் கடைக்குத்தான் போனான். ஒரு வெள்ளைப் பூக்கோவா, மஸ்கட் அல்வாவுக்குப் போடும் பச்சைக் கலர்ப் பொடி கொஞ்சம். பங்களாச் சமையல்காரர் அழகுமுத்துவின் காலைப் பிடித்து, இரண்டையும் ஒரே சட்டியில் போடவைத்தான்.

"கெடச்சிருச்சுங்க!"

துரைசாணி கைதட்டினாள். துரை பேயறைந்தவர் போல அதையே பார்த்தார். "எப்படிக் கெடச்சுது?"

மறுநாள் விருந்தில் துரைசாணி வெண்ணெய் தடவிய முதல் துண்டைத் தின்றுவிட்டுச் சிரித்தாள். பல்லெல்லாம் பச்சை. பக்கத்துத் தோட்டத்துத் துரை அதைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு மீசையும் பச்சை.

சிவசாமி சமையலறை வாசலிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "எம் பொஞ்சாதி தெரியாம ஆக்கிட்டாங்க! நானும் மூணு வாய் தின்னுட்டேன்!"

"நாளைக்கே மலைக்குப் போ!" என்று கத்தினாள் துரைசாணி.

துரை பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "வேணாம், வேணாம்! பாவம்! வேலை இருக்கட்டும்."

லயத்துக்குத் திரும்பியபோது சிவசாமியின் கண் கலங்கியிருந்தது. "தொர சாமி மாதிரிடி. நம்ம திருடித் தின்னதுக்கு ஒரு வார்த்தை திட்டலையே!"

நாகலெட்சுமி அடுப்பு ஊதுவதை நிறுத்தினாள்.

"யாருங்க திருடுனா? அவருதான் விடியக்காலம் அதை அறுத்து எம் மடியில போட்டு, 'தொரசாணி பாக்கறதுக்குள்ள கொண்டுபோய்த் தின்னுரு, எனக்கு அது ஆகாது'ன்னு கும்புட்டாரு!"