ஆறிய பிறகும் அடங்காத தழும்பு

அன்பும் மரியாதையும் குறையாத அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அந்த 'எல்லோரும்' என்பதில் என்னைச் சேர்ப்பதா விடுவதா என்று யோசித்ததில் தேநீர் ஆறிப்போய்விட்டது. சேர்த்தே எழுதிவிடுகிறேன், நலம்தான். உன் மூட்டுவலி, அத்தானின் இருமல், மாடி வீட்டுக்காரரோடு உனக்கிருக்கும் தண்ணீர்த் தகராறு எல்லாம் ஒரு நிலைக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே நீ திட்ட ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ காத்திருந்துதான் ஆகவேண்டும்.

போன வருடம் எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்களே, அந்தத் தையலைப் பிரித்தபோது நடுநெஞ்சில் மெல்லியதாக ஒரு கோடுதான் இருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடு. கண்ணாடி முன்னால் நின்று நானே மெச்சிக்கொண்டேன். சில மாதங்களில் அந்தக் கோடு தடித்தது, சிவந்தது, பிறகு தன் எல்லையோடு நிற்காமல் கத்தியே படாத தோலின் மேலும் ஏறிப் படர ஆரம்பித்தது. இப்போது யாரோ ஒருவரின் கட்டைவிரலைக் கொண்டுவந்து என் நெஞ்சில் ஒட்டவைத்ததுபோல் பளபளவென்று நிற்கிறது. இதற்குக் கீலாய்டு என்று பெயராம். பார்வைக்கு எப்படி இருந்தால் என்ன, சட்டைக்குள்தானே இருக்கிறது என்று விட்டிருப்பேன். அரிப்பு விடவில்லை அக்கா. வேலையில் இருந்த காலமெல்லாம் ரயில் நிலைய மைக் முன்னால் உட்கார்ந்து, வண்டி ஐந்து மணி நேரம் தாமதம் என்பதைக்கூடக் கல்யாணச் செய்தி மாதிரிச் சொன்னவன் நான். அப்படிப்பட்டவன் வங்கி வரிசையில் நின்றுகொண்டு சட்டைக்குள் கைவிட்டுப் பிறாண்டினால் முன்னால் நிற்கிறவர் தன் பணப்பையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் வீட்டு மருமகள் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்கிற வேலையே இந்தத் தழும்பைப் பற்றித்தான். காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறாளே, அவ்வளவு நேரமும் இதையேதான் கண்ணாடித் தட்டுகளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கைக்கெட்டிய தூரத்தில் வைத்தியம் இருக்கிறது என்பாய். நீயே சொல், மாமனார் ஒருவன் மருமகள் முன்னால் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் இந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன். "ஏம்பா, இன்டர்வியூவுக்கா போறீங்க?" என்று மகன் கேட்டான். பக்கத்து வீட்டுப் பூட்டுக் கடைக்காரர் சொன்னார் என்று வெங்காயத்தை அரைத்துத் தடவினேன். தழும்பு அப்படியே இருந்தது, பேத்திதான் மாறிவிட்டாள். "தாத்தா பக்கத்துல உக்கார மாட்டேன், கண்ணு எரியுது" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

கடைசியில், நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். எங்கள் தெருவில் ஒருவருக்குக்கூட அந்த இடம் தெரியாது. சர்ஜன் இளைஞர், சிரித்த முகம். வெட்டி எடுத்துவிடலாம் என்றார். எடுத்ததும் அடுத்தடுத்து ஊசியும் கதிர்சிகிச்சையும் உண்டு, அதற்குத் தவறாமல் வரவேண்டும் என்றும் சொன்னார். 'வெட்டி எடுத்துவிடலாம்' என்பது காதில் விழுந்ததுமே என் காது மூடிக்கொண்டுவிட்டது. மிச்சத்துக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். நர்ஸ் வந்து, "எடுக்கிற சதையை ஆராய்ச்சிக்குக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா ஐயா?" என்று கேட்டாள். "தாராளமா எடுத்துக்கச் சொல்லும்மா, அதை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்" என்று பெரிய வள்ளல்போலச் சொன்னேன். என் வாய் என்னைக் கவிழ்ப்பது உனக்குப் புதிதா?

ஆபரேஷன் நாள் வந்தது. முதுகுப் பக்கம் திறந்திருக்கும் பச்சை அங்கி ஒன்றை மாட்டிவிட்டு ஒரு கட்டிலில் உட்காரவைத்தார்கள். பின்பக்கத்தை ஒரு கையாலும் மானத்தை மறு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திரை விலகியது. கையில் ஐஸ் பெட்டி, தலையில் தொப்பி, முகத்தில் முகமூடி, யாரோ ஒரு பெண் உள்ளே வந்து, "இன்னிக்கு மார்புத் தழும்பு ஒண்ணு இருக்குன்னாங்களே, அவர்..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டாள். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? தினமும் சாப்பாட்டு மேசையில்தான்.

"மாமா?"

"நான் நூலகத்துக்கு வந்தேம்மா" என்றேன். 

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்தாள். கட்டிலில் கிடந்த போர்வையை இழுத்து முதுகுவரை போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எத்தனை மாசமா மாமா?" என்றாள். சொன்னேன். "இதை எடுத்த பிறகு ஊசிக்கு வருவீங்களா?" என்றாள். எப்படி வருவேன், தினமும் நூலகம் என்றால் வீட்டில் சந்தேகம் வராதா என்றேன். "அப்ப இன்னிக்கு வேண்டாம். வெறுமனே வெட்டினா பெரும்பாலும் திரும்ப வந்துடும், இதைவிடப் பெரிசாவே வரலாம். இது புதுசா ஒரு காயம்தானே? ஒடம்பு மறுபடி முதல்லேருந்து வேலையை ஆரம்பிக்கும்" என்றாள். பிறகு சர்ஜனோடு தனியாகப் போய்ப் பேசினாள். முதலில் தழும்பின் மேலேயே சில தடவை ஊசி போட்டுப் பார்ப்பது, அடங்கினால் நல்லது, இல்லாவிட்டால் மற்ற சிகிச்சைகளுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்துகொண்டு வெட்டுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். முதல் ஊசியை அன்றைக்கே போட்டார்கள். அந்த வலியைப் பற்றி எழுதி உன்னை வருத்தவேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கட்டடத்தில் அப்போது இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மைக் இல்லாமலே எல்லா மாடிக்கும் கேட்டதாம்.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். வெட்டிய சதையை ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துப்போக அவள் கொண்டுவந்து, என் புண்ணியத்தில் காலியாகவே திரும்பிய ஐஸ் பெட்டி என் மடியில். அவளுடைய ஒரு நாள் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று உறுத்தலாக இருந்தது. அப்படி என்னதான் பார்க்கிறாய் அந்தச் சதையில் என்று முதல்முறையாகக் கேட்டேன். கல்யாணமாகி வந்து இத்தனை வருடத்தில் அவளிடம் அவள் வேலையைப் பற்றி நம் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மூலப் புத்தகம் ஒண்ணு பூட்டி வச்சிருக்கு மாமா. அதை வெளிய எடுத்துட்டு வர முடியாது. தேவைப்படறப்ப ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அனுப்பும். அந்த நகலுக்குப் பேருதான் ஆர்.என்.ஏ. காயம் பட்டா, கொலாஜன்ங்கிற நாரைச் செய், ஓட்டையை அடைன்னு நகல் போகும். வேலை முடிஞ்சதும் அந்த நகல் அழிஞ்சு போயிடணும்."

"அழியலையா?"

"அந்த நகல் மேல சின்னச் சின்னதா ரசாயனக் குறி விழும். எழுத்து ஒண்ணும் மாறாது. குறி மட்டும்தான். சில குறி சீக்கிரம் அழிச்சிடுங்கும், சில குறி பத்திரமா வச்சுக்கோங்கும். இந்த மாதிரித் தழும்புல அந்தக் குறி போடறது எங்கயோ தாறுமாறாகி, அழிய வேண்டிய நகல் அழியாம நின்னுடுதோன்னுதான் பார்க்கறோம்."

"அதாவது வண்டி போயாச்சு. ஆனா ஒலிபெருக்கி மட்டும், வண்டி ஒண்ணாம் நடைமேடைக்கு வந்துக்கிட்டிருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

"ஆமா மாமா. ஜனங்களும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துக்கிட்டே இருக்காங்க" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா இதை யார்கிட்டயும் இவ்ளோ தெளிவா சொல்லிடாதீங்க. எங்களுக்கே இன்னும் பாதிதான் புரியுது. இது தெரிஞ்சதால நாளைக்கே மருந்தும் வந்துடாது. எல்லா ஆஸ்பத்திரியிலயும் காயம் ஆறலைன்னு வர்றவங்கதான் இருப்பாங்க. நான் பார்க்கிறவங்க, காயம் ஆறி முடிய மாட்டேங்குதுன்னு வர்றவங்க. அவங்களைப் பார்த்து, ஆறிடுச்சுல்ல, அப்புறம் என்னன்னு எல்லாரும் கேட்டுடறாங்க" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு நம் வீட்டுக் கதை ஒன்று ஞாபகம் வந்தது அக்கா. என் மனைவி போன பிறகு நம் சின்ன மாமா ஞாயிறுதோறும் ஆறுதல் சொல்ல வந்தாரே, நினைவிருக்கிறதா? முதலில் அது எனக்குப் பெரிய துணையாகத்தான் இருந்தது. நான் தேறி, நன்றாகச் சாப்பிட்டு, சத்தம் போட்டுச் சிரிக்க ஆரம்பித்த பிறகும் வந்தார். நான் சிரித்துக்கொண்டு கதவைத் திறப்பேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அவர் மனதில் கெடுதல் ஒன்றும் இல்லை. போதும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். என் நெஞ்சில் இருப்பதும் அப்படியொரு சின்ன மாமாதான் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் அந்தத் தழும்பின் மேல் எனக்கு இருந்த வெறுப்பு கொஞ்சம் இறங்கியது.

வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது மருமகள் ஒரு கேள்வி கேட்டாள். பேத்தி காது குத்திக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், சனிக்கிழமை கூட்டிப்போவதாக மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். "நடுநெஞ்சுல தோல் எப்பவும் இழுபட்டுக்கிட்டே இருக்கும், அங்க இது வர்றது உண்டு. உங்களுக்கு மட்டும்னா பெரிசா யோசிக்க வேண்டாம். குடும்பத்துல ஓடறதுன்னா காது குத்தற இடத்துலயும் வரலாம். நம்ம குடும்பத்துல வேற யாருக்காவது, வேற எங்கயாவது இப்படி வந்திருக்கா மாமா?" என்றாள். நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "யாருக்குமே இல்லம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். நீ என்னிடம் கேட்டுக்கொண்டது அப்படி. ஒரு விஷயத்தை மறைக்கும்படி என்னிடம் சொன்னால் அது இரும்புப் பெட்டியில் வைத்ததற்குச் சமம். இந்த விஷயத்தில் நீ நிம்மதியாக இருக்கலாம்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நல்ல உடம்போடும், உடம்பைவிட நல்ல மனதோடும் இருக்க வேண்டும். மாடி வீட்டுக்காரரிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேசு.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது பேத்தி தன் காது மடலில் பளபளவென்று இரண்டு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு வந்து, "நாளைக்கு நிஜமாவே போடப்போறேன் தாத்தா" என்று காட்டினாள். தட்டை ஒதுக்கிவைத்தேன். சொல்லிவிட்டேன் அக்கா. உன் இடது காதில் இருப்பதை, அதை இரண்டு தடவை வெட்டி இரண்டு தடவையும் பெரிதாக வந்ததை, அதனால்தான் நீ எந்தப் புகைப்படத்திலும் முகத்தை நேராகக் காட்டுவதில்லை என்பதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். காது குத்துவது தள்ளிப்போய்விட்டது. பேத்தி என்னோடு பேசுவதில்லை. நீயும் இனிப் பேசப்போவதில்லை என்று தெரியும். ஆனால் மருமகள் என்ன செய்தாள் என்பதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பெரியத்தை எந்தப் பக்கமா ஒருக்களிச்சுத் தூங்குவாங்க மாமா? அந்தக் காது தலையணையில பட்டா வலிக்குமே" என்றாள். எனக்குத் தெரியவில்லை அக்கா. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தோம், எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பார்க்க அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அவள் வருகிறாள். ஐஸ் பெட்டி எடுத்து வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வண்டி சரியான நேரத்துக்கு வரும், விசாரித்துவிட்டேன். நீ எந்தப் பக்கம் படுப்பாய் என்று எனக்கும் ஒரு வரி எழுது.