கன்னம் வைக்க ஆள் தேவை

நமது நாட்டில் ஆதிகாலம் தொட்டு மண்ணாலும் செங்கல்லாலும் சுவர் எழுப்பி வந்தார்கள். அந்தச் சுவர்களை எந்த அதிகாரியும் பரீட்சை செய்து பார்த்ததில்லை. பரீட்சை இல்லாமலே அவை பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தன. சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் இந்த ஒழுங்கீனத்தைப் பொறுத்துக்கொள்ளலாகாது என்று மேலிடத்துக்குத் தோன்றியது.

ஆகவே, வல்லத்திராக்கோட்டையில் மழைக்கு வீடு இழந்தவர்களுக்குச் சர்க்கார் கட்டித் தரப்போகும் வீடுகளுக்குப் புது மாதிரிச் சுவர்ப் பலகைகளைச் சோதித்து முடிவு சொல்ல, தேனப்பன் என்பவர் ‘சுவர்ப் பலகை மதிப்பீட்டு விசேஷ அதிகாரி’யாக நியமிக்கப்பட்டார். அதற்கு முன் அவர் கோழி அபிவிருத்தியில் இருந்தார். கோழிகள் அபிவிருத்தி அடையாததால் அவருக்கு உத்தியோக உயர்வு கொடுத்து இங்கே அனுப்பியிருந்தார்கள்.

மூன்று கம்பெனிகள் மூன்று பலகைகளை அனுப்பின. ஒன்று மரத்தூளை அழுத்திச் செய்தது. ஒன்று சிமெண்டும் நாரும் கலந்தது. இன்னொன்று வைக்கோலை அழுத்தி, இரு பக்கமும் கெட்டிக் காகிதம் ஒட்டிப் பச்சை வர்ணம் அடித்தது. வைக்கோல் என்னவோ வல்லத்திராக்கோட்டை வைக்கோல் மாதிரிதான் இருந்தது. ஆனால் பம்பாயிலிருந்து வந்திருந்தது.

அதிகாரி குளத்தங்கரையில் மூன்றையும் நிறுத்திப் பரீட்சையை ஆரம்பித்தார். மழைப் பரீட்சைக்கு ஒரு செம்புத் தண்ணீர் தெளித்தார். காற்றுப் பரீட்சைக்குச் சேவகனை விட்டு விசிறச் சொன்னார். பலகைகள் அசையாமல் நின்றன. கடைசியாகத் திருட்டுப் பரீட்சை. ‘தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு கன்னம் வைத்து, அதாவது சுவரைத் துளைத்துப் பார்க்கவும்’ என்பது விதி.

அதிகாரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

“கன்னம் வைக்க நல்ல ஆளா ஒருத்தர் வேணும்.”

“பிடிபட்டவங்க இருக்காங்க சார்” என்றார் ஏட்டு.

“பிடிபட்டவன் எப்படித் தொழில் தெரிஞ்சவன் ஆவான்? பிடிபடாதவங்க பேரைச் சொல்லுங்க.”

“அது தெரிஞ்சா நாங்க பிடிச்சிருக்க மாட்டோமா சார்?”

இரண்டு இலாகாக்களும் கலந்து ஆலோசித்து, ஒரு தடவை மட்டும் பிடிபட்டவனானால் பாதகமில்லை என்று முடிவு செய்தன. கடைசியில் ஏட்டு, பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்த நல்லதம்பியைக் கை காட்டினார்.

நல்லதம்பி வாலிபத்தில் ஊரார் சுவர்களைத் துளைத்தவன்தான். பிடிபட்டு ஜெயிலுக்குப் போய்த் திரும்பினான். பிறகு இருளாயியைக் கட்டிக்கொண்டு, டீக்கடை போட்டு, பழசை ஊரே மறந்துபோகும் அளவுக்கு ஒழுங்காக வாழ்ந்தான். இப்போது மகள் ராசாத்திக்கு ஆலங்குடியில் மாப்பிள்ளை கூடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் அடைக்கலம், கல்யாணப் பந்தல் போடும் காண்ட்ராக்டர். பழைய கதை அவர் காதுக்குப் போகாதிருக்க இருளாயி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள்.

அதிகாரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். “நல்லதம்பி, தேசத்துக்கு உன் சேவை தேவைப்படுது.”

“என்ன சேவைங்க?”

“ஒரு ஓட்டை போடணும்.”

நல்லதம்பி ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதி தரையில் விழுந்தது. அடுப்படியிலிருந்து இருளாயி வந்தாள். “ஐயா, அவுக அதையெல்லாம் தலைமுழுகியாச்சு. பொண்ணுக்குச் சம்பந்தம் பேசியிருக்கு. வேற ஆளைப் பாருங்க.”

“சர்க்காருக்கு ஒத்துழைக்காதவங்களுக்கு டீக்கடை லைசென்சை எப்படிம்மா புதுப்பிக்கிறது?” என்று அதிகாரி வருத்தத்தோடு கேட்டார்.

“யாருக்கும் தெரியாம நடந்தா வாரேங்க” என்றான் நல்லதம்பி.

“பரம ரகசியம்” என்று வாக்குக் கொடுத்தார் அதிகாரி.

மறுநாளே ஊரில் தமுக்கு அடித்தார்கள். பரீட்சை பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பதும் விதிதான். “இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், வெள்ளிக்கிழமை காலை குளத்தங்கரையில் நமது டீக்கடை நல்லதம்பி சர்க்கார் உத்தரவுப்படி கன்னம் வைப்பார்!”

சேதி பஸ் ஏறி ஆலங்குடிக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் அடைக்கலம் வந்து இறங்கி, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஓட்டை விழுந்துச்சோ, நம்ம பொண்ணு கல்யாணத்துலதான் விழும். பார்த்துக்கங்க” என்று இருளாயி நல்லதம்பியின் காதோடு சொன்னாள்.

சேவகன் சர்க்கார் செலவில் செய்த கன்னக்கோலை நீட்டினான். நல்லதம்பி அதைத் தலைகீழாகப் பிடித்தான். அதிகாரி திருத்தினார். மரத்தூள் பலகையை மொட்டுமொட்டென்று தட்டிவிட்டு “முடியலைங்க” என்றான். சிமெண்டுப் பலகைக்கும் அதே பதில். வைக்கோல் பலகைதான் அவனைப் படாத பாடு படுத்தியது. நுனி பட்டதுமே கோல் தானாக உள்ளே போகப் பார்த்தது. அதைப் போகவிடாமல் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடு குத்துவது போலவும் காட்ட வேண்டியிருந்தது. வேட்டி வரை வியர்வையில் நனைந்தது. கடைசியில் கோலைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“இரும்பு!” என்று அதிகாரி மெய்சிலிர்த்தார்.

அடைக்கலம் ஓடிவந்து நல்லதம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு ஓட்டை போடத் தெரியலை, இந்த மனுசனைப் போயித் திருடன்னு சொன்னாங்களே! பொய்க் கேசுதான் போட்டிருக்கானுக. சம்பந்தி, இன்னைக்கே தாம்பூலம் மாத்திக்குவோம்.”

மூன்று பலகைகளும் தேறிவிட்டன. மூன்றும் சமமான தரமுள்ளவையாதலால் விலை அதிகமுள்ளதே சிறந்தது என்று அதிகாரி தீர்மானித்தார். அது வைக்கோல் பலகை. கல் கால்கள் நட்டு, ஓடு போட்டு, சுற்றிலும் பச்சைப் பலகைகளை ஆணி அடித்து வரிசையாக வீடுகள் எழும்பின. ஊரில் அதுதான் பேஷன் என்று ஆகிவிட்டது. செங்கல் வீட்டுக்காரர் ஒருவர் தம் சுவரும் பலகை மாதிரித் தெரிய வேண்டுமென்று பச்சை வர்ணம் அடித்துக்கொண்டார்.

பங்குனியில் புது வீட்டுக்காரர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நார்த்தாமலைத் திருவிழாவுக்குப் போனார்கள். திரும்பி வந்தால், கல் கால் இருந்தது, கூரை இருந்தது, பூட்டிய கதவு நிலையோடு நின்றது. சுவர்களை மட்டும் காணோம். பட்டப்பகலில் வண்டிகள் வந்து ஏற்றிப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. சர்க்கார் சாமானைச் சர்க்கார்தானே ஏற்றும் என்று சும்மா இருந்துவிட்டார்கள். அந்த வரிசையில் முதல் வீட்டுக்காரி சொர்ணவல்லி கைக்குழந்தையோடு நின்று அழுதாள். அழுது முடித்து, பூட்டைத் திறந்து, கதவு வழியாகவே உள்ளே போனாள்.

அதிகாரி விசாரணைக்கு வந்தார்.

“கதவு இருக்கா?”

“இருக்குங்க.”

“பூட்டு உடைஞ்சிருக்கா?”

“நான்தாங்க தொறந்தேன்.”

“சுவத்துல ஓட்டை ஏதாவது?”

“சுவரே இல்லீங்களே! புள்ளையை வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. ஓட்டை இருக்கா?”

“இல்லீங்க.”

“பலகை துளைக்கப்படவில்லை. உள்ளே இருந்த சாமான் எதுவும் களவு போகவில்லை. பரீட்சை முடிவு நிரூபணம்” என்று அதிகாரி திருப்தியோடு திரும்பினார்.

வைகாசியில் ராசாத்திக்குக் கல்யாணம். சம்பந்தி அடைக்கலம் புது பேஷனில் பந்தல் போட்டிருந்தார். மூன்று பக்கமும் பச்சைப் பலகை. தாலி ஏறிய பிறகுதான் நல்லதம்பி அதை நன்றாகப் பார்த்தான். ஓரங்களில் ஆணி பிடுங்கிய தழும்பு இருந்தது. சம்பந்தியைத் தனியே அழைத்தான்.

“இந்தப் பலகை...”

“நீங்க பரீட்சை பண்ணின பலகைதான் சம்பந்தி. அந்த நம்பிக்கையிலதான் எடுத்தேன். துளைக்க முடியாதுன்னு நீங்களே ஊரறியக் காட்டிட்டீங்க. அப்புறம் முழுசாத்தானே கழட்டணும்?”

நல்லதம்பி இருளாயியிடம் போய்ச் சொன்னான். அவள் மணமேடையில் இருந்த மகளைப் பார்த்தாள். “வாயை மூடிக்கிட்டுப் பந்தியைக் கவனிங்க. ஓட்டை போட்டவுகளுக்குத்தான் ஜெயிலு. முழுச் சுவரையும் எடுத்தவுகளுக்கு முதல் எலை.”

முதல் இலை அதிகாரிக்கும் ஏட்டுக்கும் நடுவில் அடைக்கலத்துக்குப் போட்டிருந்தது. சுவர் இழந்தவர்கள் தங்கள் சுவரிலேயே சாய்ந்து பாயசம் குடித்தார்கள். “எங்க வீட்டுலயும் இதே மாதிரிதான் இருந்துச்சு. எவ்வளவுக்குத் தருவீங்க?” என்று சொர்ணவல்லியே கேட்டாள். தெரிந்தவர்கள் என்பதால் அடைக்கலம் விலை குறைத்துக் கொடுத்தார்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பொதுமக்கள் தம் சொந்தச் செலவிலேயே பலகை வாங்க முன்வந்துவிட்டதால், இனிமேல் கட்டும் வீடுகளுக்குச் சர்க்கார் சுவர் கொடுக்க வேண்டியதில்லை என்று மேலிடத்துக்குச் சிபாரிசு செய்தார். உடனே உத்தரவு வந்தது. கூரையும் கதவும் இலவசம். சுவர் வேண்டுவோர் ஆலங்குடி அடைக்கலத்தை அணுகவும் என்று தமுக்கு அடித்தார்கள்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும், விலை ஏறுவதற்குள் வாங்கிவிட வேண்டுமென்று ஆலங்குடி பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடியது.