முதல் நாள் போன்காரர்

உலகத்தில் போன் வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது முதல் நாள் போன்காரரைப் பற்றி. புதுப் போன் விற்பனைக்கு வரும் அன்றைக்கே, கடைக்காரர் ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்குள் குனிந்து உள்ளே நுழைந்து வாங்கிவிடுகிறாரே, அவர்தான். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார். உங்கள் மாடியில் ஒருவர் குடியிருப்பார். எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் என் அக்காவின் கணவர்.

அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மூத்த மெக்கானிக். வேலையில் அவ்வளவு நிதானமான ஆளைப் பார்க்க முடியாது. புதுக் கம்பிவடம் மாட்டினால் அதில் மணல் மூட்டைகளை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, காதை வைத்துக் கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்ட பிறகுதான் ஒரு மனிதரை ஏறவிடுவார். அதே அத்தான், போன் என்று வந்துவிட்டால், உலகத்தில் யாருமே இன்னும் பரிசோதிக்காததைத்தான் கையில் வாங்க வேண்டும் என்பார். ஏன் அத்தான், ஒரு மாதம் பொறுத்தால் என்ன? "ஒரு மாசம் கழிச்சு எல்லாரும் வாங்குவாங்கடா மாப்ள." இதற்கு மேல் யார் என்ன வாதாட முடியும்?

போன் வருவதற்கு நாற்பது நாள் முன்பே அவருக்குக் காய்ச்சல் கண்டுவிடும். எங்கோ யாரோ திருட்டுத்தனமாக எடுத்த மங்கலான படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, தலைகீழாகத் திருப்பி, "இந்த ஓரம் வளைவா, நேரா?" என்று சாப்பாட்டு மேஜையில் நம்மைக் கேட்பார். நமக்கு அது சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும். சொல்லிவிடக் கூடாது.

வாங்கி வந்த அன்று பெட்டியைத் திறப்பது தனிச் சடங்கு. மேஜையைத் துடைத்து, கைகழுவி, மின்விசிறியை நிறுத்தி, அக்காவை வீடியோ எடுக்கச் சொல்லி, திரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உரிப்பார். கையைக் காலை அசைக்கக் கூடாது. தும்மக் கூடாது. உரித்த வேகத்தில் அதே இடத்தில் வேறொரு தாளை ஒட்டுவார். அதன்மேல் ஒரு கண்ணாடி. அதன்மேல், எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னொரு தாள். இவ்வளவுக்கும் அவர் அந்தப் போனை வாங்கிய காரணம், திரை கீறவே கீறாது என்று கம்பெனி சொன்னதுதான்.

அடுத்து ட்ரிக். பின்பக்கம் இரண்டு தட்டு தட்டினால் டார்ச் எரியும். மூன்று தட்டினால் படம் எடுக்கும். உள்ளங்கையைக் காட்டினால் பாட்டு நிற்கும். லிஃப்ட் கம்பெனி உணவு இடைவேளையில் அவரைச் சுற்றி ஆறு பேர் நின்று, தத்தம் போன்களின் முதுகைத் தட்டிப் பார்த்து, எரியாமல் திரும்பிப் போவார்கள். நான் ஒருமுறை கேட்டேன்: "இதுல பேசினா தெளிவாக் கேக்குதா அத்தான்?"

"அதெல்லாம் எல்லாப் போன்லயும் இருக்குடா."

மூன்றாவது கட்டம் கவலை. ஊரில் நினைப்பதுபோல, போனில் குறை தெரிந்ததும் இவர் வருத்தப்படுவதில்லை. முகம் மலர்ந்துவிடும். குறையே இல்லாத போனை வைத்துக்கொண்டு மனிதர் எதைப் பேசுவது? இந்தத் தடவை போன் சூடாகிறது என்று செய்தி கிளம்பியது. அத்தான் அதைக் கன்னத்தில் வைத்தார், நெற்றியில் வைத்தார், அக்காவின் நெற்றியிலும் வைத்தார். "சுடுதுல்ல? சுடுதுல்ல?" தன்னைப் போன்ற நானூறு பேர் கூடியிருக்கும் குழுவில் மணிக்கொரு தரம் உஷ்ணம் எழுதினார். "முதல் லாட் அப்படித்தான் இருக்கும்," என்று அவர்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். "அப்டேட் வரும்" என்பது அவர்களுடைய பிரார்த்தனை.

இதெல்லாம் அவர் பாடு என்று விட்டிருக்கலாம். ஆனால் நடுவில் அக்காவின் வேலை மாட்டிக்கொண்டது.

அக்கா மருந்தாளுநர். பிள்ளைகளுக்காக எட்டு வருடம் வீட்டில் இருந்தவள். ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து, பழைய புத்தகங்களைத் தூசி தட்டிப் படித்து, பரீட்சை எழுதி, நேர்முகமும் போய் வந்திருந்தாள். சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

போன் வந்தது புதன்கிழமை. பழைய போன் ஒன்றைக் கொடுத்தால் விலை குறையும் என்றதும் அத்தான் அக்காவின் போனைக் கொடுத்துவிட்டார். "என்னோட பழசு உனக்குத்தான். உன்னுதைவிட நல்ல போன். அதுல இருக்கறதெல்லாம் புதுசுக்கு மாறினதும் எடுத்துக்கோ." மாறுவது எழுபத்துமூன்று சதவீதத்தில் நின்றது. 'ஒரு நிமிடம் மீதம்' என்று அந்தத் திரை மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் தொட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று அத்தான் யாரையும் அருகில் விடவில்லை. அதுவரை அக்காவின் சிம் புதுப் போனின் இரண்டாவது துளையில் ஒண்டுக்குடித்தனம்.

சனிக்கிழமை காலை நான் அங்கே போனது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று. குழாய் வேலைதான் என் தொழில். தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். அக்காவின் கால்கள் மட்டும் தெரிந்தன. வாசல் வரை போயின, திரும்பின, கடிகாரத்துக்குக் கீழே நின்றன.

"என்னங்க, போன் எங்க?"

"ஆற வெச்சிருக்கேன். பத்திரமா இருக்கு," என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது. அத்தான் மடிக்கணினியில் குழுவின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணியடிச்சா கேக்குமா?"

"கேக்காமப் போகுமா? ரெண்டு ஸ்பீக்கர்!"

பதினொன்று நாற்பதுக்கு என் தலைமாட்டில் ஏதோ முனகியது. குழாயில் காற்று மாட்டிக்கொண்டால் அப்படி ஒரு சத்தம் வரும். தண்ணீரை மூடினேன். நிற்கவில்லை. குழாய்மேல் காதை வைத்தேன். அங்கிருந்து வரவில்லை. பக்கத்தில் ஃபிரிட்ஜ் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க ஃபிரிட்ஜ் பாடுது."

அக்கா ஒரே எட்டில் வந்து திறந்தாள். காய்கறித் தட்டில், காரட்டுக்கு நடுவே, காற்றுப் புகாத டப்பா. டப்பாவுக்குள் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் போன். அக்கா பல்லால் கடித்து டப்பாவைத் திறந்து, துணியை உதறி எடுத்தாள். வெளிக்காற்றுப் பட்டதும் திரை முழுக்க முத்து முத்தாக வியர்த்தது. இரண்டு தாளுக்கும் கண்ணாடிக்கும் ஈரத்துக்கும் அடியில் ஒரு நம்பர் மின்னியது. அக்கா தேய்த்தாள். எடுக்கவில்லை. மறுபடி தேய்த்தாள். வழுக்கியது. இறுக்கிப் பிடித்ததில் விரல் பின்பக்கம் இரண்டு முறை பட்டது. டார்ச் எரிந்தது.

"என்னங்க! இதை எப்படி எடுக்கறது?"

அத்தான் ஓடி வந்தார். "துடை, துடை! ஐயோ, புடவைல துடைக்காத, கோடு விழும்! பெட்டிக்குள்ள ஒரு துணி இருக்கு பாரு, மஞ்சள் துணி..."

மணி நின்றது.

அக்கா திட்டியிருந்தால் எனக்குக் கவலை இருந்திருக்காது. அவள் நேராக என்னிடம் வந்தாள். குனிந்து என் கருவிப் பையிலிருந்து என் போனை எடுத்தாள். ஏழு வருடப் போன். குறுக்கே ஒரு விரிசல். மூடி கழன்றுவிடாமல் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறேன். வியர்த்த திரையில் தெரிந்த நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்து அதில் அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடி அடித்தாள். அதே பதில். கடிகாரம் பதினொன்று ஐம்பத்தொன்று காட்டியது. மூன்றாவது தடவை மணி போனது.

என் போனில் ஸ்பீக்கரில் மட்டும்தான் கேட்கும். அதனால் அக்கா தன் பெயரைச் சொன்னதும் மருத்துவமனை அதிகாரி பொரிந்ததை நாங்கள் மூவருமே கேட்டோம்.

"ஏம்மா, போன் எடுக்க மாட்டீங்களா? அடுத்தவங்களுக்குப் போட்டுட்டேன். கால் போறதுக்குள்ள என் போன் ஹேங் ஆயிடுச்சு. இப்பத்தான் அணைச்சுப் போட்டேன். என்ன விஷயம் உங்களுக்கு?"

அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "சார், போன் ஃபிரிட்ஜ்ல இருந்துது."



"ஃபிரிட்ஜ்லயா?"

"சூடாகுதுன்னு வீட்டுக்காரர் வெச்சிட்டார், சார்."

"புதன்கிழமை வந்ததா?"

"ஆமா சார்."

அதிகாரியின் குரல் இறங்கியது. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "எந்தத் தட்டுல வெச்சார்?"

"காய்கறித் தட்டு, சார்."

"டப்பாலயா, சும்மாவா?"

அத்தானால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து வந்து என் போனைப் பிடுங்கினார். "சார், வணக்கம் சார்! காத்துப் புகாத டப்பா சார். எத்தனை டிகிரி காட்டுது உங்களுக்கு?" "நாப்பத்தியாறு." "எனக்கு நாப்பத்தெட்டு சார்!" என்று அத்தான் சொன்னபோது அந்தக் குரலில் என்ன பெருமை! பதினேழு நிமிடம் பேசினார்கள். முதல் லாட் அப்படித்தான் இருக்கும் என்றார் அவர். அப்டேட் வரும் என்றார் இவர். பதினேழாவது நிமிடத்தின் கடைசியில், "ஆங், அம்மாவைத் திங்கட்கிழமை ஒம்போது மணிக்கு வந்து சேரச் சொல்லுங்க," என்று முடிந்தது.

அத்தான் எங்களைப் பார்த்துத் திரும்பிய திருப்பம் இருக்கிறதே! "பாத்தியா? இந்தப் போன் வாங்கலைன்னா இந்த வேலை கிடைச்சிருக்குமா?"

அக்கா புதுப் போனிலிருந்து தன் சிம்மைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "இதை உன் போன்ல போட்டுக் குடுடா. திங்கட்கிழமை வேலைக்குப் போகணும்."

"எதுக்கு அந்த ஓட்டை? என் பழைய போன் ரெடியாயிடும்," என்றார் அத்தான். "ஒரு நிமிஷம்தான் பாக்கி."

நான் குழாயை மூடித் திறந்து, ஒரு வாளி தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, போனில்லாமல் வீடு திரும்பினேன்.

இவ்வளவு படித்துவிட்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள், அப்படியும் மனிதர்களா என்று. நல்லது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அது எந்தக் கம்பெனிப் போன், எந்த மாடல் என்று நான் இதுவரை சொல்லவேயில்லை. சொல்லப் போவதுமில்லை. அது உங்களை உறுத்தவில்லை என்றால் நீங்கள் நல்ல ஆள். நிம்மதியாகப் போய் வாருங்கள். இரண்டாவது பத்தியிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தால், எதற்கும் உங்கள் வீட்டுக் காய்கறித் தட்டில் கொஞ்சம் இடம் பண்ணி வையுங்கள்.