ஒரே சுரத்தில் நிறுத்தப்பட்டவனின் முறையீடு

குத்தாய்சி, செப்டம்பர் 9

மதிப்பிற்குரிய மைத்துனி லமாரா அவர்களுக்கு,

தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். என் மனவலி தணியவில்லை. காரணங்கள் தேதிவாரியாக:

1. மார்ச் 6. தங்கள் பாடகர் குழுவில் நான் சேர்ந்த முதல் நாளே, பாட்டைப் பதினொரு முறை நிறுத்தி, பதினொரு முறையும் அகப்பையால் என்னைச் சுட்டிக்காட்டினீர்கள். தாங்கள் பள்ளிச் சமையற்காரர். நான் இருபத்தாறு ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் கற்பிப்பவன்.

2. ஏப்ரல் 17. ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கும் அடிக்குரல் வரிசையில் பேருந்து ஓட்டுநர் ஜெமாலுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினீர்கள். என் குரல் உயரும்போதெல்லாம் அவருடைய முழங்கை என் விலாவில் இறங்குகிறது. "புரொபசரே, மேட்டுல ஏறாதீங்க, சமதரையிலேயே வாங்க!" என்று உபதேசம் வேறு.

3. ஆகஸ்ட் 28. மாதா திருநாள் விருந்து. இறந்தோர் நினைவாகக் கோப்பைகள் உயர்ந்தன. மேல்குரலின் மெட்டு அழகாக இருந்ததால் நானும் அதில் சேர்ந்துகொண்டேன். தாங்கிப் பிடிக்க ஜெமாலின் அடிக்குரல் மட்டும் போதாமல் பாட்டு மூன்று முறை சரிந்தது. பாட்டு முடியாமல் எவரும் குடிக்கக் கூடாது அல்லவா? நாற்பது பேர் தூக்கிய கையோடு நின்றார்கள். "எல்குஜா, செத்தவங்களுக்கே தாகம் எடுத்துடும்யா!" என்று என்னைக் கடிந்தார் விருந்துத் தலைவர்.

இவற்றைக்கூடப் பொறுத்தேன். ஆனால் நேற்று என் மனைவி நதேலாவின் முன்னிலையில், "அத்தான், தாமுனா கல்யாணத்துல நீங்க வாயைத் திறக்க வேண்டாம். திருத்துனாலே முறைக்கிறவருக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்குறது?" என்றீர்களே, அதை எப்படிப் பொறுப்பேன்? என் திருமணத்தில் என் தந்தை பாடினார், அவர் திருமணத்தில் அவர் தந்தை பாடினார், நான் மட்டும் என் ஒரே மகளின் திருமணத்தில் ஊமையாய் நிற்க வேண்டுமாம், அதைத் தவிர்க்க ஒரு மாதம் ஒரே சுரத்தைப் பிடித்துப் பழக வேண்டுமாம், பழகத் தோட்டத்துக்குப் போனால் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டதென்று நதேலா என்னை விரட்டுகிறாள், நான் எங்கே போய்த் தொலைவது? எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

எனவே என்னை விலக்கிய காரணத்தைச் செப்டம்பர் 15க்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் குழுவிலிருந்து விலகுவேன். தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் நலம் பெருகட்டும்.

இங்ஙனம்,
எல்குஜா

பி.கு.: உறையை ஒட்டுமுன், சமையலறையில் அக்ரூட் உடைத்துக்கொண்டே நதேலாவும் தாமுனாவும் பாடினார்கள். இறுதிவரை ஏதோ ஓர் அடிக்குரல் கேட்டது. அது என்னுடையது என்று பாட்டு முடிந்தபிறகே உணர்ந்தேன். தாமுனா சொன்னாள்: "அப்பா, நீங்க பாடுனதே தெரியல. ஆனா நாங்க எங்கயும் விழல."

மேற்கண்ட மூன்று புகார்களையும் கிழித்துவிடவும். ஜெமாலை அதே இடத்தில் நிறுத்தவும், விலா பழகிவிட்டது. வியாழக்கிழமைப் பயிற்சி ஆறு மணிக்கா, ஏழு மணிக்கா? புதன் மாலைக்குள் எழுத்துமூலம் பதில் தேவை.